எரிச்சலுள்ள அந்தரங்கத் தோலுக்கு எந்தக் கருவி? குமரி மாவட்டப் பெண்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

உள்ளாடையின் தையல் பட்டாலே எரியும். கழுவத் தண்ணீர் ஊற்றினால் சுரீர் என்று பிடிக்கும். ஆனால் அதனால் ஆசை போய்விடுவதில்லை. இப்படியொரு உடலோடு இருக்கும் பெண், அதிரும் வைப்ரேட்டரோ, யோனிக்குழாயை மெதுவாக விரியப் பழக்கும் டைலேட்டரோ வாங்கலாமா, வாங்கினால் இன்னும் புண்ணாகுமா என்று யாரிடம் போய்க் கேட்பாள்? நம் ஊர் மெடிக்கல் ஷாப்பில் நாப்கினையே கறுப்புக் கவரில் சுற்றித்தான் தருகிறார்கள். அதனால் தெரிந்ததையெல்லாம் இங்கே எழுதிவிடுகிறேன். 18 வயது நிறைந்தவர்களுக்கு மட்டும். டெஸ்டோஸ்டிரோன் எடுத்துக்கொள்ளும் திருநம்பிகளுக்கும் இதே தோல் வறட்சி வரும் என்பதால் அவர்களுக்கும் இது பயன்படும்.

முதலிலேயே என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். கருவியால் எரிந்தது என்று சொல்பவர்களில் பலருக்கு எரிச்சலைத் தந்தது கருவியாக இருப்பதில்லை. அதன்மேல் பூசிய ஜெல், அதைக் கழுவிய சோப்பு, அல்லது அதற்கு முன்பே தோலில் இருந்த ஒரு நோய், இந்த மூன்றில் ஒன்றுதான் காரணமாக இருக்கும். அதனால் வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். முதலில் தோல், அப்புறம் ஜெல், கடைசியில்தான் கருவி.

படி 1: எங்கே எரிகிறது என்று கண்டுபிடியுங்கள்

கைக்கண்ணாடி ஒன்று, காதுக்குப் பயன்படுத்தும் பஞ்சுக்குச்சி ஒன்று, நல்ல வெளிச்சம், தாழ்ப்பாள் போட்ட அறை. இவ்வளவு போதும். வெளி உதடுகள், அவற்றுக்குள் மெல்லிய உள் உதடுகள், அவற்றைப் பிரித்தால் ஈரமாகத் தெரியும் வாசல் பகுதி, மேலே கிளிட்டோரிஸ். இவை நான்கும் வேறுவேறு வகைத் தோல், வேறுவேறு மாதிரி எரியும். பஞ்சுக்குச்சியை வெறும் தண்ணீரில் நனைத்து, வாசலைக் கடிகார முகமாக நினைத்துக்கொண்டு ஒவ்வொரு மணியாக மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். மேலே 12, கீழே 6. வாசல் வலி உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் கீழ்ப்பாதியில், 4 மணியிலிருந்து 8 மணி வரை உள்ள இடத்தில்தான் வலி குவிந்திருக்கும். டாக்டர்களும் இப்படித்தான் சோதிப்பார்கள்.

வாசலில் மட்டும் வலி, மற்ற இடமெல்லாம் சரி என்றால், வெளிப்புறம் மட்டும் பயன்படும் கருவியால் நீங்கள் இப்போதே நிம்மதியாக இருக்கலாம். உள்ளே நுழைப்பதைப் பிறகு யோசிக்கலாம். தொடுவதற்கு முன்பே தொடையும் அடிவயிறும் இறுகிக்கொண்டால், பிரச்சினை தோலில் மட்டும் இல்லை, இடுப்புத் தளத் தசையிலும் இருக்கிறது. அதற்கு டைலேட்டரும் பிசியோதெரபியும் சேர்ந்து நல்ல பலன் தரும். தயிர் திரிந்ததுபோல் வெள்ளை, கூடவே அரிப்பு என்றால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். அது ஆறும்வரை எந்தக் கருவியும் வேண்டாம். அடிக்கடி வந்தால் சர்க்கரை அளவைப் பாருங்கள். சர்க்கரைக்கு டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களுக்குச் சிறுநீரில் சர்க்கரை வெளியேறும். அந்தரங்கப் பகுதியில் பூஞ்சை திரும்பத் திரும்ப வர இது தெரிந்த காரணம். மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல் எழுதித் தந்த டாக்டரிடம் சொல்லுங்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். தோலில் பால் வெள்ளையாகத் திட்டு, சுருங்கிய தாள்போல் மினுமினுப்பு, இரவில் தாங்க முடியாத அரிப்பு, உள் உதடு கரைந்ததுபோல் தோற்றம் இவை இருந்தால் லைக்கன் ஸ்க்லிரோசஸ் என்ற தோல் நோயாக இருக்கலாம். அந்த நோயில் உரசலே நோயை வளர்க்கும். சிலருக்குப் பின்னாளில் புற்றுநோயாக மாறும் அபாயமும் சிறிதளவு உண்டு. இதற்கு வீரியமான ஸ்டீராய்டு களிம்பு உண்டு, நன்றாகக் கேட்கும், ஆனால் டாக்டர் சொன்ன அளவில்தான் பூச வேண்டும். கடையில் "அரிப்புக்கு ஒரு ட்யூப் குடுங்க" என்று வாங்கும் கலவைக் களிம்பை இங்கே பூசாதீர்கள். ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக் மூன்றும் கலந்த அந்த ட்யூப்கள் இரண்டு நாள் சுகம் தந்து, பிறகு நோயை அடையாளம் தெரியாமல் ஆக்கிவிடும்.

மாதவிடாய் நின்ற பிறகும், குழந்தைக்குப் பால் கொடுக்கும் மாதங்களிலும் ஈஸ்ட்ரோஜன் குறைந்து தோல் மெலியும். இதற்கு உள்ளே வைக்கும் ஈஸ்ட்ரோஜன் கிரீம் உண்டு. மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் தங்கள் புற்றுநோய் டாக்டரையும் கேட்காமல் தொடக் கூடாது. பிரசவத் தையல் உள்ளவர்கள் 6 வாரம் கழித்து டாக்டர் பார்த்து ஆறிவிட்டது என்று சொன்ன பிறகே யோசியுங்கள். இவை எதுவும் இல்லாமல், கண்ணுக்கு ஒன்றும் தெரியாமல், 3 மாதத்துக்கு மேல் எரிச்சல் இருந்தால் அதற்கு வல்வோடினியா என்று பெயர். கற்பனை வலி இல்லை. மருத்துவப் பாடநூலில் உள்ள நோய்தான்.

ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பெண்கள் நலப் பிரிவும் தோல் நோய்ப் பிரிவும் உண்டு. வெள்ளைத் திட்டு என்றால் தோல் பிரிவுக்குப் போவது நல்லது. அங்கே கருவியைப் பற்றி எதுவும் சொல்ல வேண்டியதில்லை. "வாசல் பக்கம் தொட்டால் எரியுது டாக்டர், நாலு மாசமா" என்று தொடங்கினால் போதும். மாதவிடாய் நின்ற பிறகு ரத்தம், ஆறாத புண், கட்டி இருந்தால் இந்தக் கட்டுரையை மூடிவைத்துவிட்டு இந்த வாரமே போய்ப் பாருங்கள்.

கருப்பை வாய்ப் புற்றுநோய்க்காகத் திருவனந்தபுரம் ஆர்.சி.சி.க்குப் போய்க் கதிர்வீச்சு எடுத்துக்கொண்டவர்களுக்கு ஒரு வார்த்தை. கதிர்வீச்சுக்குப் பிறகு யோனிக்குழாய் ஒட்டிச் சுருங்காமல் இருக்க டைலேட்டர் வைக்கச் சொல்வார்கள். அது சிகிச்சை, கூச்சப்படாமல் கேளுங்கள். எப்போது தொடங்குவது, எந்த அளவு என்பதை அவர்களே சொல்லட்டும்.

படி 2: எரிப்பதையெல்லாம் நிறுத்திவிட்டு ஒரு மாதம் பாருங்கள்

டெட்டால் ஊற்றிய தண்ணீர், நறுமண வாஷ், வினிகர், எலுமிச்சை, வேப்பிலைக் கஷாயம், வாசனை நாப்கின், பவுடர். எல்லாவற்றையும் நிறுத்துங்கள். வெளிப்புறத்துக்கு வெறும் தண்ணீர் போதும். உள்ளே எதையும் ஊற்றிக் கழுவக் கூடாது. யோனியின் உட்புறம் தன்னளவில் 3.8 முதல் 4.5 வரை பிஹெச் உள்ள அமிலத்தன்மையோடு இருக்கிறது. சாதாரண குளியல் சோப்பு 9, 10 என்று காரமாக இருக்கும். பிரசவித்த வீட்டில் வேது தண்ணீரைச் சூடாகத் தையல்மேல் அடித்து ஊற்றும் பழக்கம் நம் பக்கம் இன்னும் இருக்கிறது. "சூடு பட்டாத்தான் ஆறும்" என்று அத்தை சொன்னாலும் உடம்புக்கும் காலுக்கும் ஊற்றிக்கொள்ளுங்கள், அங்கே இளஞ்சூடுதான்.

கையைப் பற்றியும் பேச வேண்டும். பச்சை மிளகாய் அரிந்த கையை சோப்புப் போட்டுக் கழுவினாலும் காரம் முழுதாகப் போகாது. முதலில் கொஞ்சம் எண்ணெய் தேய்த்து, அப்புறம் சோப்புப் போட்டால்தான் இறங்கும். கருங்கல், குலசேகரம், களியக்காவிளை பக்கம் அண்டி ஆபீசில் வேலை செய்யும் பெண்களுக்கு இது இன்னும் முக்கியம். முந்திரிக்கொட்டை ஓட்டில் உள்ள எண்ணெய் கைத்தோலையே பொசுக்கும். விரலிடுக்கில், நகக்கண்ணில் ஒட்டியிருக்கும் துளி இந்த மெல்லிய தோலில் பட்டால் தீக்காயம்போல் ஆகிவிடும். வேலை முடிந்து வந்த அன்று, கை நன்றாகக் கழுவாமல் எதையும் தொடாதீர்கள். முடிந்தால் நைட்ரில் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். மெடிக்கல் ஷாப்பில் நீல நிறத்தில் கிடைக்கும். கணவருக்கும் இதே விதிதான்.

முடியை மழிப்பதானால் கருவி பயன்படுத்த இரண்டு நாள் இடைவெளி விடுங்கள். கண்ணுக்குத் தெரியாத கீறலில் நல்ல ஜெல் பட்டாலும் எரியும், பழி ஜெல் மேல் விழும்.

ஒரு மாதத்தில் எரிச்சல் பாதியாகக் குறைந்துவிட்டால் உங்கள் எதிரி யார் என்று தெரிந்துவிட்டது. கருவிக்கு ஒதுக்கிய பணத்தில் இப்போதைக்கு ஒரு நல்ல லூப், அதாவது வழுவழுப்புக்குப் பூசும் ஜெல், வாங்கினால் போதும்.

படி 3: ரப்பர் ஒத்துக்கொள்கிறதா?

தமிழ்நாட்டில் ரப்பர் என்றாலே குமரி மாவட்டம்தான். கீரிப்பாறை முதல் அருமனை வரை பால் வெட்டும் வேலை, ஷீட் அடிக்கும் வேலை, புகைப்புரை. ரப்பர் பாலோடு நாள்தோறும் புழங்குபவர்களுக்கு அதிலுள்ள புரதம் ஒவ்வாமல் போகலாம். பலூன் ஊதினால் உதடு தடிப்பது, ரப்பர் கையுறை போட்டால் கை அரிப்பது, ஆணுறை பட்டால் எரிவது எல்லாம் அதன் அறிகுறிகள். இன்னொன்றும் உண்டு. ரப்பர் ஒவ்வாதவர்களில் சிலருக்கு வாழைப்பழம், பப்பாளி தின்றால் வாய் அரிக்கும். பழத்திலும் அதேபோன்ற புரதங்கள் இருப்பதுதான் காரணம். மட்டிப்பழம் தின்று நாக்கு அரிக்கிறது என்று சொல்லும் பெண், தனக்கு ரப்பர் ஒத்துக்கொள்கிறதா என்று ஒருமுறை யோசிக்கலாம். பட்டதும் முகம் வீங்கி மூச்சுத் திணறினால் 108ஐக் கூப்பிட வேண்டும், தாமதிக்கக் கூடாது.

கருவிகள் பெரும்பாலும் ரப்பர் பாலில் செய்வதில்லை. ஆனால் கருவிமேல் மாட்டும் ஆணுறை ரப்பர்தான். பக்கத்தில் திருவனந்தபுரம் பேரூர்க்கடையில் 1969 முதல் ஆணுறை தயாரிக்கும் எச்.எல்.எல். நிறுவனத்துக்கு அந்நாளில் இந்துஸ்தான் லேடெக்ஸ் என்றே பெயர். ஒவ்வாதவர்கள் பாலியூரித்தேன் அல்லது பாலிஐசோப்ரீன் என்று அட்டையில் எழுதிய ஆணுறையைத் தேடி வாங்க வேண்டும்.

படி 4: லூப், இதில்தான் பணத்தைச் செலவிட வேண்டும்

எச்சிலைப் பயன்படுத்தாதீர்கள், சீக்கிரம் காய்ந்துவிடும். வாசனை உள்ளது, சுவை உள்ளது, "வார்மிங்", "கூலிங்", "டிங்கிள்" என்று எழுதியது எதுவும் உங்களுக்கு வேண்டாம். அந்தச் சூடும் குளிர்ச்சியும் பெரும்பாலும் கிளிசரின், மிளகாய்ச் சாறு, மெந்தால் போன்றவை கலந்து வருவது.

நீர் சார்ந்த லூப்தான் எல்லாக் கருவிக்கும் பொருந்தும். ஆனால் நீர் சார்ந்தது என்பதாலேயே மென்மையானது என்று நம்பிவிடக் கூடாது. ஒரு திரவத்தில் கரைந்திருக்கும் பொருள் உடலின் ஈரத்தில் இருப்பதைவிட மிக அதிகமாக இருந்தால், அது தோலின் செல்லிலிருந்து தண்ணீரை உறிஞ்சி எடுத்துவிடும். செல் வாடி உதிரும், எரியும். ஊறுகாய்க்கு உப்புப் போட்டதும் மாங்காய் தண்ணீர் விடுகிறதே, அதே வேலைதான். உலக சுகாதார நிறுவனம் 2012இல் வெளியிட்ட ஆலோசனைக் குறிப்பு, இந்த அளவு, அதாவது ஆஸ்மோலாலிட்டி, கிலோவுக்கு 380 மில்லி ஆஸ்மோலுக்குள் இருப்பதே சிறந்தது என்றும், சந்தையில் கிடைப்பதைப் பார்த்து 1200ஐத் தாண்டாமல் இருந்தால் ஏற்கலாம் என்றும் சொல்கிறது. பிஹெச் 4.5 ஒட்டி இருக்க வேண்டும் என்கிறது. பல லூப்கள் அந்த 1200ஐயும் சர்வசாதாரணமாகத் தாண்டும்.

நம்மூரில் விற்கும் டப்பாவில் இந்த எண்ணைத் தேடினால் கிடைப்பது அபூர்வம். அதனால் உட்பொருள் பட்டியலைப் படியுங்கள். தண்ணீருக்கு அடுத்ததாகவே கிளிசரின் அல்லது புரோப்பிலின் கிளைக்கால் இருந்தால் அளவு மிக அதிகம் என்று பொருள். வைத்துவிடுங்கள். குளோர்ஹெக்சிடின், நானாக்சினால்-9 இருந்தாலும் வேண்டாம், இரண்டும் உட்தோலை அரிக்கக் கூடியவை. ஹைட்ராக்சி எத்தில் செல்லுலோஸ், லாக்டிக் அமிலம் என்று பட்டியல் சின்னதாக இருக்கும் ஜெல்லே நமக்கு வேண்டியது.

தண்ணீர் ஜெல் எது போட்டாலும் எரிகிறது என்பவர்களுக்கு சிலிகான் லூப் இருக்கிறது. பட்டியலில் டைமெதிகோன் போன்ற பெயர் இருக்கும். தோலுக்குள் போகாது, காயாது, தண்ணீரை உறிஞ்சாது. எனக்குக் கேட்டால் மெனோபாஸ் வறட்சிக்கு இதைவிட நல்லது இல்லை. ஒரே குறை, சிலிகான் கருவியோடு சேர்த்தால் அதன் மேற்பரப்பு பிசுபிசுத்துக் கெட்டுவிடலாம். கண்ணாடி, எஃகு, கெட்டி பிளாஸ்டிக் கருவிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். குளியலறைத் தரையில் சிந்தினால் வழுக்கி விழுவீர்கள், அதையும் கவனியுங்கள்.

தேங்காய் எண்ணெய் பற்றி நம் மாவட்டத்தில் பேசாமல் இருக்க முடியாது. செக்கில் ஆட்டியதோ, தேங்காய்ப் பாலைக் காய்ச்சி எடுத்த வீட்டு எண்ணெயோ, சுத்தமானதாக இருந்தால் வெளிப்புறத் தோலுக்கு நல்ல காப்பு. வெளியே பயன்படுத்தும் கருவிக்கும் சரி. ஆனால் ரப்பர் ஆணுறையையும் பாலிஐசோப்ரீன் ஆணுறையையும் எண்ணெய் சில நிமிடங்களிலேயே பலவீனமாக்கிவிடும். கர்ப்பத்தடைக்கு ஆணுறையை நம்புபவர்கள் அந்தப் பக்கமே எண்ணெயைக் கொண்டுபோகக் கூடாது. பூஞ்சை அடிக்கடி வருபவர்கள் உள்ளே பயன்படுத்த வேண்டாம். தலைக்குத் தேய்க்கும் வாசனை எண்ணெயும் கற்பூரம் போட்ட எண்ணெயும் நிச்சயமாகக் கூடாது.

எந்த லூப்பானாலும் முதலில் முன்கை உட்புறத்தில் ஒரு துளி தடவி ஒரு நாள் பாருங்கள். மறுநாள் வெளி உதட்டில் ஒரு துளி. அங்கும் சரி என்றால் வாசலில். மூன்று நாள் பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

மரத்துப்போகும் ஜெல் பூசிக்கொண்டு கருவி பயன்படுத்தலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். வலி தெரியாவிட்டால் காயம் ஆவதும் தெரியாது. வாசல் வலிக்கு லிக்னோகெய்ன் களிம்பு டாக்டர் எழுதித் தருவதுண்டு, அது வேறு. பென்சோகெய்ன் உள்ளவை தோலில் ஒவ்வாமையையே உண்டாக்கலாம்.

படி 5: கருவி எதனால் செய்தது?

நுண்துளை இல்லாத பொருளாக இருக்க வேண்டும். சிலிகான், போரோசிலிகேட் கண்ணாடி, துருப்பிடிக்காத எஃகு, ஏபிஎஸ் என்ற கெட்டி பிளாஸ்டிக், இந்த நான்குக்குள் முடித்துக்கொள்ளுங்கள். ஜெல்லி, பிவிசி, டிபிஇ, டிபிஆர், "உண்மையான தோல்போல்" என்று விற்கும் எதுவும் நுண்துளை உள்ளது. எவ்வளவு கழுவினாலும் கிருமியும் பூஞ்சையும் உள்ளே தங்கும். மெத்தென்று ஆக்க பிவிசியில் தாலேட் எனும் வேதிப்பொருளைச் சேர்ப்பார்கள். டென்மார்க் அரசின் சுற்றுச்சூழல் அமைப்பு 2006இல் கடைக் கருவிகளை எடுத்துச் சோதித்தபோது அவற்றில் சிலவற்றில் தாலேட் இருந்தது. பெட்டியைத் திறந்ததும் புதுச் செருப்பு நாற்றம் அடித்தால், கையில் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டினால், திருப்பி அனுப்புங்கள். நல்ல சிலிகானுக்கு வாசனையே இருக்காது.

கண்ணாடி என்றதும் பலர் பயப்படுகிறார்கள். எரிச்சலுள்ள தோலுக்கு என் முதல் தேர்வே அதுதான். கிட்டத்தட்ட இழுவையே இல்லை, துளி லூப் போதும், குளிர்ந்த தண்ணீரில் 5 நிமிடம் போட்டுவைத்தால் எரிச்சலுக்கு இதமாகவும் இருக்கும். ஐஸ் பெட்டியில் வைக்காதீர்கள், தோல் ஒட்டிக்கொள்ளும். டைல்ஸ் தரையில் விழுந்துவிட்டால் விளிம்பெல்லாம் விரலால் தடவிப் பாருங்கள். சிறு சில்லு பெயர்ந்திருந்தாலும் அத்தோடு சரி, தூக்கிப் போட்டுவிட வேண்டும். சிலிகான் வளைந்து கொடுக்கும், உடலோடு சேர்ந்து போகும், ஆனால் ஈரம் போதாவிட்டால் தோலைப் பிடித்து இழுக்கும். எஃகில் நிக்கல் உண்டு. நல்ல தர எஃகிலிருந்து அது வெளியே கசிவது மிகக் குறைவுதான், இருந்தாலும் கவரிங் கம்மல் போட்டால் காது புண்ணாகும் பெண்கள் கண்ணாடியைத் தேர்ந்தெடுப்பதே நிம்மதி.

பிளாஸ்டிக்கிலும் மலிவான சிலிகானிலும் அச்சின் இரு பாதி சேர்ந்த இடத்தில் ஒரு மெல்லிய கோடு நிற்கும். சாதாரணத் தோலுக்கு அது தெரியாது, உங்களுக்குத் தெரியும். பழைய நைலான் சேலைத் துண்டு ஒன்றைக் கருவிமேல் இழுத்துப் பாருங்கள். நூல் மாட்டினால் அந்தக் கருவி வேண்டாம்.

படி 6: வடிவம், அளவு, அதிர்வு

வெளிப்புறத்துக்கு அகலமான, தட்டையான, உள்ளங்கையில் அடங்கும் மென்மையான சிலிகான் மசாஜர் நல்ல தொடக்கம். கூர்முனை உள்ள சின்ன புல்லட் வகை எல்லா அதிர்வையும் ஒரே புள்ளியில் குத்தும். மோட்டார் "கிர்ர்" என்று மெல்லிய உயர்ந்த ஒலியில் ஓடினால் மேல்தோல் மரத்து எரியத் தொடங்கும். "கும்" என்று தாழ்ந்த ஒலியில் ஓடுவது ஆழமாகப் போகும், தோலைக் கிளறாது. மிகக் குறைந்த வேகம் எவ்வளவு குறைவு என்பதைப் பார்த்து வாங்குங்கள். 20 வகை அதிர்வு என்று விளம்பரப்படுத்துவதில் உங்களுக்குப் பயன்படப்போவது ஒன்றோ இரண்டோதான். கிளிட்டோரிஸைக் காற்றால் உறிஞ்சும் வகை தோலை உரசாது என்பது உண்மை. ஆனால் லைக்கன் ஸ்க்லிரோசஸால் கிளிட்டோரிஸ் உறை ஒட்டியவர்களுக்கு அந்த இழுப்பே வேதனை தரும்.

உள்ளே வைப்பதானால் சுண்டுவிரல் பருமனில், ஒன்றரை சென்டிமீட்டர் அளவில் தொடங்கும் வழவழப்பான டைலேட்டர் செட் வாங்குங்கள். நரம்பு, முடிச்சு, வளைவு எதுவும் இல்லாதது. ஒவ்வோர் அளவுக்கும் இடையே சிறிய வித்தியாசம் உள்ள செட்டே நல்லது. பெரிய தாவல் இருந்தால் மூன்றாவதில் நின்றுவிடுவீர்கள். ஆழமாகப் போனால்தான் வலி என்பவர்களுக்கு, உறவின்போது துணைவர் உறுப்பின் அடியில் மாட்டும் மென்மையான சிலிகான் வளையங்கள் இருக்கின்றன. ஆழத்தைக் குறைக்கும். ஆசனவாய்க்குப் பயன்படுத்தும் எதற்கும் அடிப்பக்கம் அகன்றிருக்க வேண்டும், அங்கே வைத்ததைக் கழுவாமல் முன்பக்கம் கொண்டுவரக் கூடாது.

படி 7: வாங்குவது

வீட்டில் தனக்காக வைத்திருப்பதும் பயன்படுத்துவதும் குற்றமில்லை. "ஆபாசப் பொருளை" விற்பதும் இறக்குமதி செய்வதும்தான் சட்டச் சிக்கல். முன்பு இந்தியத் தண்டனைச் சட்டம் 292, 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதா 294. எது ஆபாசம் என்பதில் சுங்கத்துறைக்கும் இறக்குமதியாளர்களுக்கும் வழக்கு நடக்கும். 2024 மார்ச்சில் மும்பை உயர் நீதிமன்றம், உடல் மசாஜரை ஆபாசப் பொருள் என்று சுங்கத்துறை தன் கற்பனையில் முடிவுசெய்து தடுக்க முடியாது என்று சொன்னது. இந்தியக் கடைகள் "பர்சனல் மசாஜர்" என்ற பெயரில் விற்பது இதனால்தான். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் பார்சல் சுங்கத்தில் மாட்டலாம். உள்நாட்டில் இருப்பு வைத்து விற்கும் தளத்தில் வாங்குங்கள். கருவிகளுக்கென்று ஐஎஸ்ஓ 3533 என்ற பாதுகாப்புத் தரம் 2021இல் வந்திருக்கிறது. அதைக் குறிப்பிடும் பொருள் கிடைத்தால் நல்லது.

கூட்டுக் குடும்பத்தில் பார்சல் யார் கையில் போய்ச் சேரும் என்பதுதான் பெரிய கவலை. குருசடிக்குப் பக்கத்து வீடு என்று அடையாளம் சொல்லி டெலிவரி பையன் ஊரெல்லாம் கேட்டுக்கொண்டு வருவான். கூரியர் அலுவலகத்திலேயே வாங்கிக்கொள்கிறேன் என்று கேட்டுப் பாருங்கள். கேஷ் ஆன் டெலிவரி போடாதீர்கள், வீட்டில் இருப்பவர் என்ன பொருள் என்று விசாரிக்க அது ஒரு வாய்ப்பு. வெளி அட்டையில் கடைப்பெயர் இருக்குமா என்று முன்பே கேட்டுவிடுங்கள்.

படி 8: முதல் முறை

புதுக் கருவியைக் கழுவி, வாசலுக்குக் கொண்டுபோவதற்கு முன் உள் தொடையில் வைத்துப் பாருங்கள். அப்புறம் மெல்லிய பருத்தி உள்ளாடைக்கு மேலாக, மிகக் குறைந்த வேகத்தில். பலருக்கு முதல் சில வாரம் துணிக்கு மேலாகவே போதுமானதாக இருக்கும், அதில் குறை ஒன்றும் இல்லை. நேரடியாகத் தோலில் வைப்பதானால் லூப்பைக் கருவியிலும் பூசுங்கள், தோலிலும் பூசுங்கள். ஒரே இடத்தில் அழுத்தி வைக்காதீர்கள்.

டைலேட்டர் என்றால் படுத்து, முழங்கால் மடக்கி, அடியில் தலையணை. மூச்சை வெளியே விடும்போது முனையை வாசலில் வைத்து நிறுத்துங்கள், தள்ள வேண்டாம். மலம் கழிக்க முக்குவதுபோல் லேசாகக் கீழே தளர்த்தினால் தசை திறக்கும். 10 நிமிடம் போதும். 10க்கு எத்தனை வலி என்று மனத்துக்குள் எண் கொடுங்கள். 3ஐத் தாண்டினால் பின்வாங்குங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கினால் பழகிவிடும் என்பது இந்த விஷயத்தில் பொய். வலியைத் தாங்கத் தாங்க நரம்பு இன்னும் உஷாராகும், தசை இன்னும் இறுகும். ஓர் அளவு வலியில்லாமல், சலிப்புத் தட்டும் அளவுக்குச் சுலபமான பிறகுதான் அடுத்த அளவு.

துணைவரோடு என்றால் கருவி உங்கள் கையில் இருக்கட்டும். அவர் பிடிப்பதானால் நகம் வெட்டிய கை, "போதும்" என்றதும் காரணம் கேட்காமல் நிறுத்துவது, இந்த இரண்டையும் ஆடையோடு இருக்கும்போதே பேசி முடித்துவிடுங்கள். அந்த நேரத்தில் பேச்சு வராது.

முடிந்ததும் சிறுநீர் கழித்து, தண்ணீரில் கழுவி, ஒற்றித் துடையுங்கள். லேசான சூடு ஒரு மணி நேரத்தில் அடங்கினால் சரி. மறுநாளும் எரிந்தால் அந்த வாரம் ஓய்வு. அடுத்த முறை ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். லூப், கருவி, நேரம் மூன்றையும் ஒன்றாக மாற்றினால் எது காரணம் என்று தெரியாமல் போய்விடும்.

படி 9: கழுவுவது, காயவைப்பது

டெட்டாலும் சாவ்லானும் பாத்திரம் கழுவும் சோப்பும் கருவிக்கும் வேண்டாம். மிச்சம் ஒட்டியிருந்து அடுத்த முறை எரிக்கும். வாசனையில்லாத மென்சோப்பும் நிறையத் தண்ணீரும் போதும். மோட்டார் இல்லாத சிலிகானையும் எஃகையும் 5 நிமிடம் கொதிக்க வைக்கலாம். இதற்கென்று ஒரு தனிப் பாத்திரம். கண்ணாடியைக் கொதிநீரிலிருந்து எடுத்துக் குளிர்ந்த தண்ணீரில் போடாதீர்கள்.

நம் மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஜூனிலிருந்து டிசம்பர் வரை அலமாரியில் வைத்த செருப்பே பூத்துவிடும். ஈரத்தோடு பெட்டியில் மூடிய கருவியில் கறுப்புப் புள்ளி வர வெகுநாள் ஆகாது. துணியால் துடைத்து, விசிறிக் காற்றில் முழுக்கக் காயவிட்டு, பருத்திப் பையில் போட்டு வையுங்கள். பாலித்தீன் கவர் வேண்டாம். மாத்திரை டப்பாவில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தைப் பையில் போட்டுவைக்கலாம். சிலிகான் கருவிகளை ஒன்றோடொன்று ஒட்டவிடாமல் தனித்தனிப் பையில் வையுங்கள். குளச்சல், முட்டம் போன்ற கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று சார்ஜ் முனையைத் தின்றுவிடும். சார்ஜ் போட்டதும் ரப்பர் மூடியை அழுத்தி மூடுங்கள். காந்தத்தில் ஒட்டி சார்ஜ் ஆகும் வகை என்றால் அந்த இரு புள்ளிகளையும் காய்ந்த துணியால் துடையுங்கள். அங்கே பச்சையாகப் படிந்தாலோ, சார்ஜ் ஏறும்போது கை பொறுக்காமல் சுட்டாலோ, சிலிகான் கிழிந்து உள்ளிருக்கும் பிளாஸ்டிக் தெரிந்தாலோ அந்தக் கருவியை அதோடு நிறுத்திவிடுங்கள். பேட்டரி உள்ளதைக் குப்பையோடு சேர்த்து எரிக்கக் கூடாது, வெடிக்கும். பழைய செல்போனோடு சேர்த்து மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிடலாம், பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.